கத்தரி அக்கா வெட்டிய கணக்கு

ஆபீசில் அவளைக் கத்தரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். விளையாட்டுக் கம்பெனியில் அரட்டைப் பெட்டியைக் கண்காணிக்கும் வேலை. ஆன்லைனில் பிள்ளைகள் ஒருத்தரையொருத்தர் சுட்டுக்கொண்டே திட்டிக்கொள்வதைப் படித்து, எல்லை மீறுகிறவர்களின் வாயைக் கத்தரிக்க வேண்டும்.

"நாள் பூரா வசவு படிக்கிறதெல்லாம் ஒரு வேலையா? அதை வீட்லயே கேக்கலாமே" என்றார் கணவர்.

"நீங்க திட்டுறதுல புதுசா ஒண்ணும் இல்லையேங்க."

கெட்ட வார்த்தை வந்தால் மென்பொருள் சிவப்பு காட்டும், இல்லாவிட்டால் பச்சை. சரியான மண்டு அது. "மண்டையை உடைச்சிடுவேன்டி" என்று தங்கச்சியிடம் செல்லமாகச் சொன்ன அண்ணனைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டது. அழுதுகொண்டே தங்கச்சி புகார் எழுத, அக்காதான் அவனை விடுதலை செய்தாள்.

அதனால் பச்சையையும் ஒரு பார்வை பார்ப்பது அவள் வழக்கம். ஒரு நாள் மத்தியானம், பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் ஒருத்தன் தேனொழுகப் பேசியிருந்தான்: "சூப்பரா ஆடறேம்மா. கேம்ல நான் ஜெயிச்ச இந்த வாளை நீயே வெச்சுக்கோ. வேற ஆப்புக்கு வா, அங்க பேசலாம். வீட்ல மட்டும் சொல்லாதே."

அடுத்த நிமிடம் அக்கா அவன் கணக்கை முடக்கிவிட்டாள்.

மேனேஜர் பதறி ஓடிவந்தார். "மூணு வருஷமா ஆடறவரும்மா! ஒரு புகார் கிடையாது. மெஷினே பச்சைன்னு சொல்லுதே!"

"மெஷின் என்னிக்காவது கூட்டமான பஸ்ல போயிருக்கா சார்? நான் போயிருக்கேன்."

மேனேஜர் விடவில்லை. விளக்கக் கடிதம் கேட்டார். அக்கா இரண்டே வரி எழுதி, அவனுடைய பழைய அரட்டைகளைத் தோண்டியெடுத்து இணைத்தாள். ஒன்பது சிறுமிகள், எல்லோரிடமும் அதே பேச்சு. சொல்லைக்கூட மாற்றாத சோம்பேறிப் பயல்!

படித்து முடித்ததும் மேனேஜருக்கு முகம் வெளுத்துவிட்டது. போலீசுக்கு அவரே போன் செய்தார். அக்கா அந்தப் பெண்ணின் அம்மாவைப் போனில் கூப்பிட்டாள்.

"இன்னிக்கு அவ தோலை உரிக்கிறேன் பாருங்க!" என்று கத்தினாள் அந்த அம்மா.

"உரிச்சீங்கன்னா அடுத்த தடவை உங்ககிட்ட மூச்சு விடமாட்டா. பக்கத்துல உட்காருங்க. எப்படி ஆடறதுன்னு கேளுங்க. தோத்துப் போங்க."

"எனக்கு அந்தப் பொத்தானெல்லாம் தெரியாதேம்மா" என்றாள் அம்மா, குரல் இறங்கி.

"அப்போ தோக்கறது இன்னும் சுலபம்."

அடுத்த மாதம், சிறுவர் கணக்குகளுக்கு அந்நியர்கள் தனிச்செய்தி அனுப்ப முடியாதபடி கம்பெனி வழியை அடைத்தது. "இது என்னோட யோசனை" என்று கூட்டத்தில் மேனேஜர் நெஞ்சை நிமிர்த்தினார். கடைசி வரிசையிலிருந்து அக்கா பலமாகக் கைதட்டினாள். மனசுக்குள் அவரைத் திட்டியது தனி.