பெயருக்கு முந்தைய நொடி

இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றியதுதான் நானும் அப்பாவும் சேர்ந்து செய்த கடைசி வேலை. ஞாயிற்றுக்கிழமை மதியம். நான் டார்ச் பிடித்தேன். அவர் புனலை வைத்து ஒவ்வொரு குழியாக ஊற்றினார். ஆறு மூடிகளையும் திருகி முடித்ததும் ஒவ்வொன்றின்மேலும் மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்தார்.

"பேட்டரிக்கும் கோடாப்பா?"

"கோடு போட்டா முடிஞ்ச வேலைன்னு அர்த்தம். அதுக்கப்பறம் எவனும் கை வெக்கக் கூடாது."

கை கழுவும்போது ரெக்கார்டிங் பெட்டியைப் பற்றி ஆரம்பித்தார்.

"அந்தப் பொட்டி கத்துது கலை. கூன்னு ஒரே சத்தம்."

"ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள்ள போவுதுப்பா. ஹெட்போன் போட்டுக்கோ."

"ஹெட்போன் போட்டுக்கினாலும் கத்துது."

"மைக்கைத் தள்ளி வை."

"இன்னொண்ணும் கீது. அதுல வந்து…"

"அடுத்த வாரம் பாக்கறேம்பா. செகண்ட் ஷிப்ட், லேட்டாவுது."

"டெஸ்ட் இன்ஜினியருங்க சொந்த வூட்டு வேலையெல்லாம் பாக்க மாட்டாங்களா?" என்று சிரித்தார். நான் வண்டியை எடுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை கம்பெனி பஸ் மண்ணூர் ஸ்டாப்பில் நின்றது. அப்பா இறங்கவில்லை. தூங்குகிறார் என்று நினைத்து டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்திருக்கிறார்.

அப்பா பெயர் பலராமன். ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் கடைசிக் கட்டப் பரிசோதகர். அவர் இறுக்கத்தைச் சோதித்து மஞ்சள் கோடு போட்ட நட்டை அதன்பிறகு யாரும் தொடுவதில்லை. அவர் மேஜையில் ஒரு மாஸ்டர் பீஸ் இருக்கும். குறையில்லாதது என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே ஒரு சாம்பிள். லைனில் வருகிற ஒவ்வொன்றையும் அதோடு ஒப்பிட்டுத்தான் விடுவார். ஷிப்ட் தொடங்கும்போது பாதுகாப்பு உறுதிமொழியை அவர்தான் வாசிப்பார். குரல் அப்படி.

அந்தக் குரலால் ஊரில் அவருக்கு இன்னொரு வேலையும் வந்தது. மண்ணூர், பென்னலூர் சுற்றில் யாராவது இறந்தால், கன்னியப்பன் தன் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாகச் செய்தி சொல்லிக்கொண்டு போவார். அதில் ஓடும் ஒலிப்பதிவு அப்பாவுடையது. மைக்கை லேப்டாப்போடு இணைக்க நான் வாங்கிக் கொடுத்த அந்த ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டியை வைத்துச் சாமான் அறையில் பதிவு செய்வார். முதலில் ஊர், தெரு. ஒரு சிறிய இடைவெளி. பிறகு பெயர். உடலை எடுக்கும் நேரத்தையும் சேர்த்துச் சரியாக நாற்பது நொடி. கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

அவர் இறந்த அன்று குரல் கொடுக்க ஆள் இல்லை. கன்னியப்பன் கடைசியாக வந்த பதிவையே போட்டார். பெருமாள்சாமி என்பவருடையது. பெயரும் எடுக்கும் நேரமும் வரும் இடங்களில் மட்டும் ஒலியைக் குறைத்து, அப்பாவுடையதைத் தானே மைக்கில் சொன்னார். நான் வாசலில் நின்றிருந்தேன். "மண்ணூர், பிள்ளையார் கோயில் தெருவைச் சேர்ந்த" என்றது அப்பாவின் குரல். பெருமாள்சாமியும் எங்கள் தெருதான். இடைவெளி. பிறகு கன்னியப்பன், "பலராமன்." பிறகு மறுபடி அப்பா: "அவர்கள் இன்று காலமானார்."

ஆட்டோ அடுத்த தெருவுக்குத் திரும்பியது.

மறுநாள் பென்னலூரிலிருந்து செங்கமலம் என்ற அம்மா வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். மகன் சுபாஷ் போன வருஷம் பைக்கில் நைட் ஷிப்டுக்குப் போகும்போது லாரியில் அடிபட்டு இறந்தவன். எனக்கு அவரைத் தெரியாது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்தும் கூப்ட்டான் கண்ணு."

"யாரும்மா?"

"என் புள்ள. ஆட்டோ வந்தாலே கூப்பிடறான். செத்தவங்க பேரு சொல்றதுக்கு முன்னாடி அவன் பேரு கேக்குது. சன்னமா. ஒரு வருசமா கேட்டுகினு கீறேன். உங்கப்பாதான், இன்னான்னு கண்டுபிடிச்சி வந்து சொல்றேம்மான்னாரு."

கூட வந்த கன்னியப்பன் என்னைத் தனியே அழைத்தார். "அடுத்த வெள்ளிக்கெழம அந்தப் பையனுக்கு வருஷத் திதிமா. அந்தம்மா குடுக்க மாட்டேன்னுது. கூப்ட்டுகினு கீறவனுக்கு எப்பிடித் திதி குடுக்கறதுன்னு கேக்குது. மக வந்து மறைமலை நகருக்குக் கூப்பிடுது, போவல. ஆட்டோ சத்தத்துக்குத் தெருவுலயே ஒக்காந்துகினு கீது."

"உங்களுக்குக் கேட்டுதாண்ணா?"

அவர் தரையைப் பார்த்தார். "கேக்கும்மா."

புதன்கிழமை மதியம் சாமான் அறைக்குப் போனேன். அம்மா அக்காவோடு முன்னறையில் இருந்தார். வெளியே கண்டெய்னர் லாரிகள் போகும்போது ஜன்னல் கம்பி அதிர்ந்தது. ரெக்கார்டிங் பெட்டியில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஒவ்வொரு திருகிலும் அப்பாவின் மஞ்சள் கோடு. முதல் நாள் நான் வைத்துக் கொடுத்த அளவிலேயே எல்லாம் நின்றிருந்தன.

லேப்டாப்பில் அவர் கடைசியாகத் திறந்த பதிவு அப்படியே இருந்தது. ஹெட்போன் மாட்டி, நம் குரலை நமக்கே கேட்க வைக்கும் மானிட்டர் பட்டனைத் தட்டினேன். கூ என்று ஏறியது. கழற்றி எறிந்தேன். ஹெட்போனில் இருக்கும்போது ஒலி மைக்குக்குள் போக வழியில்லை. அதைத்தான் அப்பா சொன்னார். மைக் கேபிளைப் பிடுங்கினேன். அப்படியும் கத்தியது. ஒலி பெட்டிக்கு உள்ளேயே சுற்றுகிறது.

மானிட்டரை அணைத்தேன். ஹெட்போனை மேஜையில் வைத்துவிட்டு, மைக் இல்லாமலே ஒரு நிமிடம் பதிவு செய்தேன். மைக் இல்லாத பதிவு திரையில் நேர்க்கோடாக வர வேண்டும். கோட்டில் சின்னச் சின்ன மேடுகள் இருந்தன.

இப்போது பதிவான அந்த ஒலித்தடத்தை மட்டும் தனியாக ஓட்டினேன்.

மைக் இல்லாத அறையில் அப்பா பேசினார். தூரத்திலிருந்து, சுவருக்கு அந்தப்பக்கம் நிற்பவர் மாதிரி. "பென்னலூர், காலனித் தெருவைச் சேர்ந்த… சுபாஷ்."

எழுந்து போய்க் கதவைத் திறந்து வைத்தேன். பிறகு திரும்பி வந்து பார்த்தேன்.

பதிவுக்கு அடியில் இன்னொரு தடம் இருந்தது, பதிவு செய்யும்போதெல்லாம் கூடவே ஓடும்படி. அதற்கு அவர் வைத்த பெயர், மாஸ்டர் பீஸ். சுபாஷுக்காகப் பதிவு செய்த அறிவிப்பு. சரியாக நாற்பது நொடி. அதற்குப்பின் ஒவ்வொரு மரணத்துக்கும் அதை மெல்லிய ஒலியில் காதில் கேட்டபடி, அதன் வேகத்துக்கே பேசியிருக்கிறார். கேட்டுப் பின்தொடர்வதால் அவர் ஒரு நொடி பின்னால் வருவார். அதனால் சுபாஷின் பெயர் எப்போதும் அந்த இடைவெளியில் விழும்.

காதில் மட்டும் கேட்க வேண்டியது பதிவில் எப்படி ஏறியது? பெட்டியின் முன்பக்கம் லூப்பேக் என்று ஒரு சின்ன பட்டன். கம்ப்யூட்டரில் ஓடும் ஒலியையும் சேர்த்துப் பதிவு செய்வதற்கானது. அது அமுங்கியிருந்தது. அதன்மேலும் ஒரு மஞ்சள் புள்ளி.

நான் அமுக்கியது. போன வருஷம் ஒரு ஞாயிறு, கம்பெனியின் ஆன்லைன் டிரெயினிங்கைப் பதிவு செய்ய. வேலை முடிந்ததும் எடுக்க மறந்தேன். இன்ஜினியர் மகள் வைத்த அமைப்பு என்று அவர் புள்ளி வைத்துவிட்டார்.

பட்டனை விடுவித்தேன். மறுபடி பதிவு செய்தேன். நேர்க்கோடு. எதுவும் இல்லை.

மறுபடி அமுக்கினேன். அப்பா வந்தார். எடுத்தேன். போனார். இதை எத்தனை முறை செய்தேன் என்று எண்ணவில்லை. அம்மா வந்து அறை வாசலில் நின்று, "யாருகிட்டடி பேசிகினு கீறே?" என்று கேட்டபோதுதான் நிறுத்தினேன்.

லேப்டாப்புக்குக் கீழே ஒரு தாள் இருந்தது. லைனில் குறை வந்தால் நிரப்பும் படிவம். வீட்டுப் பெட்டிக்கும் அதையே நிரப்பியிருக்கிறார், பதினைந்து நாள் முன்பு.

குறை: பெயருக்கு முன்னால் சுபாஷ் பெயர் கேட்கிறது. சந்தேகம்: கலை அமுக்கிய பட்டன். செய்ய வேண்டியவை: ஒன்று, கலையைக் கேட்டுவிட்டுப் பட்டனை எடுப்பது. இரண்டு, பென்னலூர் போய்ச் செங்கமலத்திடம் அது பையன் இல்லை, மெஷின் தவறு என்று நேரில் சொல்வது. போனில் சொல்லக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். திதிக்கு முன்னால்.

முதல் வரிக்கு நேராக இன்றைய தேதி போட்டேன். இரண்டாவதற்கு நேரே பொறுப்பு என்ற கட்டத்தில் அவர் பெயர் இருக்கிறது. முடித்த தேதி எழுதப்படவில்லை. திதிக்கு முன் இன்னும் ஒரு நாள்தான் இருக்கிறது.