ஒன்றும் நடக்காத சனிக்கிழமை

பனியைத் தூண்போல் வெட்டி, அதன் தலையில் மண்வெட்டித் தகட்டை வைத்து வெர்ன் ஹால்வர்சன் தட்டிக்கொண்டிருக்கிறார். முதலில் மணிக்கட்டால், பிறகு முழங்கையை மடக்கி, கடைசியில் தோளிலிருந்து ஓங்கி. தூண் எந்தத் தட்டில் வழுக்குகிறதோ, அதை வைத்துத்தான் அன்றைய எச்சரிக்கையை எழுதிப் போடுவார். தூரத்திலிருந்து பார்த்தால் முரண்டு பிடிக்கும் பிள்ளையைத் தூங்கவைப்பது போலிருக்கும்.

பனிச்சரிவு வருமா என்று சொல்வது அவர் உத்தியோகம். "வரும், போகாதீங்க" என்பார். போனவர்கள் முழுசாகத் திரும்பி வந்து, என் கடையில் பீர் குடித்தபடி அவர் காதுபடவே கேலி பேசுவார்கள். போகாமல் பிழைத்தவன் எவனும் வந்து நன்றி சொன்னதில்லை. பிழைத்தது அவனுக்கே தெரியாதே! என்ன பிழைப்போ இது.

எங்கள் கடலோர மலையில் விழுவது ஈரப்பனி. புயல் ஓய்ந்த இரண்டே நாளில் இறுகிவிடும் என்று இங்கே பால்குடி மறக்காத பிள்ளைகூடச் சொல்லும். அந்தத் தைரியம்தான் ஆளைக் கொல்கிறது. இந்த வருஷம் நடுவில் வறண்ட குளிர் புகுந்து, சர்க்கரைபோல் ஒட்டாத ஓர் அடுக்கு உருவாகிவிட்டது. புயல் பனியெல்லாம் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தது.

சனிக்கிழமை காலை சறுக்குக் கட்டைகளோடு மலையேற நின்ற கூட்டத்தில் அவர் மகள் கிர்ஸ்டனும் இருந்தாள்.

"ரெண்டு நாள்ல இறுகிடும்னு நீதானேப்பா சொல்லிக்குடுத்தே?"

"அடியில ஒட்டலம்மா. மேல இறுகினதெல்லாம் பலகையாப் பேந்து வரும். இன்னிக்கு மட்டும் வேணாம்."

"நேத்துப் போனவங்க தடம் அப்படியே கெடக்கு. அவங்களுக்கு என்ன ஆச்சு?"

போயேவிட்டாள்.

மனிதர் அன்று முழுக்க என் கடை ஜன்னலை விட்டு நகரவில்லை. வைத்த காபி ஆறியது. மாற்றி வைத்தேன், அதுவும் ஆறியது. இன்றைக்குத் தன் வாக்கு பொய்த்துவிட வேண்டும், ஊரே தன்னைக் கோமாளி என்று சொல்ல வேண்டும் என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டார்.

சாயங்காலம் எல்லோரும் சிரித்துக்கொண்டே கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"பாத்தியாப்பா, ஒண்ணுமே ஆகல. நாளைக்கு என்னத்த எழுதப்போறே?" என்றாள் கிர்ஸ்டன்.

"இதேதான்" என்றார் வெர்ன்.

கடையே கொல்லென்று சிரித்தது. அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். கிர்ஸ்டன் பீர் வாங்க நகர்ந்தாள். அவள் மேலங்கியின் கைநுனி அவர் பிடியில் இருந்தது. அது இழுபட்டு நீண்டதே தவிர, அவர் விடவில்லை.