பதினாறில் ஒரு பங்குப் பண்ணை

புனேயை ஒட்டிய பிம்ப்ரியில் நான் குடியிருந்த அறையில் ஒரு கட்டில் இருந்தது. அதில் நான் படுத்தது முதல் இரண்டு வருடங்கள்தான். பிறகு அதன் மேல் ஆறடிக்கு நான்கடி பிளைவுட் பலகை ஒன்றைப் போட்டேன். பலகையின் மேல் ஒரு பண்ணை வந்தது. நான் தரையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஓர் இன்ஜினியரிங் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் எனக்கு வேலை. லேத்திலிருந்து வரும் உருப்படிகளை வெர்னியரால் அளப்பேன். சரியாக இருந்தால் பச்சைப் புள்ளி, மயிரிழை பிசகினாலும் சிவப்புப் புள்ளி. மனைவி விருதுநகர் பக்கம் அரசுப் பள்ளியில் ஆசிரியை. மகள் அவளோடு இருந்தாள். இருவரில் ஒருவர் வேலையை விட வேண்டும் என்ற பேச்சு எனக்கு இந்த வேலை கிடைத்த மாதமே தொடங்கியது. இருவருமே விடவில்லை. வருடத்துக்கு இரண்டு முறை நான் ஊருக்குப் போவேன். மே மாதத்தில் அவர்கள் இரண்டு வாரம் வந்து தங்குவார்கள். மற்றபடி ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நின்று பேசுவதுதான்.

முதல் ஷிஃப்ட் மூன்று மணிக்கு முடியும். மூன்றரைக்கு அறைக்கு வந்துவிடுவேன். ஜன்னலில் இன்னும் நல்ல வெயில் இருக்கும், பேசத்தான் ஆள் இருக்காது. சாப்பாடு மெஸ்ஸில். துணி துவைப்பதற்கு அரை மணி நேரம். அதற்கு மேல் அந்த மாலைப் பொழுதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு ஞாயிறு, பழைய சாமான் விற்கும் ஜூனா பஜாரில், துருப்பிடித்த பூட்டுகளுக்கு நடுவே ஒரு சின்ன டிராக்டரைப் பார்த்தேன். வெளிநாட்டில் வார்த்தது. அடிப்பாகத்தில் ஒன்றுக்குப் பதினாறு என்று அளவு பொறித்திருந்தது. முன்சக்கரம் ஒன்று இல்லை. வாங்கி வந்து, பழைய செருப்பின் ரப்பரை வெட்டி டயர் செய்து, பித்தளையில் அச்சு போட்டேன். சக்கரம் உருண்டது. டிராக்டர் இருந்தால் இழுக்க ஒரு கலப்பை வேண்டாமா? கலப்பை செய்தேன். பிறகு டிரெய்லர். பிறகு இவையெல்லாம் நிற்க ஓர் இடம்.

ஊர் ஏக்கத்தில் செய்ததாகப் பின்னால் சிலர் நினைத்தார்கள். அப்படி ஒன்றுமில்லை. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கையகல நிலம் கிடையாது. அப்பா தபால் இலாகாவில் இருந்தவர். எனக்குப் பிடித்தது இயந்திரங்கள். அதிலும் விவசாய இயந்திரங்களுக்கு மூடு திரை கிடையாது. எந்த பெல்ட் எதைச் சுற்றுகிறது, எது எதை அசைக்கிறது என்று ஐந்து நிமிடம் நின்று பார்த்தாலே விளங்கிவிடும். எதையும் ஒளிக்காத பொருள்களோடு இருப்பது நன்றாக இருந்தது.

நெய் டப்பாத் தகரம், சைக்கிள் ஸ்போக், பால்பாயின்ட் ரீஃபில், பழைய கடிகாரத்தின் பற்சக்கரம் என எல்லாம் உதவின. செங்கல் பொடியைச் சலித்து மண் போட்டேன். வெங்காயக் குவியலுக்கு முழுத் துவரை. ஒரு மழைக்காலத்தில் என் வெங்காயத்தில் வண்டு விழுந்து, பண்ணை முழுவதும் ஊர்ந்தது. அதைச் சொல்லிச் சிரிக்கக்கூட யாருமில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னேன். "பூத்துல நிமிஷம் ஓடுது, இதையா பேசுறீங்க?" என்றாள் மனைவி. நியாயம்தான்.

ஒவ்வொரு டிசம்பரிலும் புனேயில் ஒரு விவசாயக் கண்காட்சி நடக்கும். நான் டேப்பும் நோட்டுமாகப் போவேன். மூன்றாவது வருடமோ நான்காவது வருடமோ, ஒரு சின்ன ஸ்டாலில் கதிரடிக்கும் திரெஷர் ஒன்றின் அடியில் குனிந்து அளந்துகொண்டிருந்தபோது, மேலே இருந்து ஓர் அதட்டல் கேட்டது.

"ஏ பாவூ! என்ன அளக்கறே? யார் அனுப்பிச்சது உன்னை?"

ஐம்பது வயதுப் பெண்மணி. ஒன்பது கஜப் புடவை, நெற்றி வெறுமையாக இருந்தது, கையில் ரசீது புத்தகம். போட்டிக் கம்பெனிக்காரன் டிசைன் திருட வந்திருக்கிறான் என்று நினைத்துவிட்டார். நான் அரைகுறை இந்தியில் விளக்கினேன். இந்தி அவருக்கும் சொந்த மொழி இல்லை. இருவருமே தடுக்கித் தடுக்கித்தான் பேசினோம்.

"சின்னதா செய்றதுக்கா? எவ்வளவு சின்னதா?"

இரண்டு கைகளாலும் காட்டினேன்.

"எதுக்கு?"

"சும்மாதான், தாயி." மராத்தியில் அக்காவைத் தாயி என்பார்கள், தம்பியைப் பாவூ என்பார்கள்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஏமாற்றுக்காரன் இப்படிப்பட்ட பதிலைச் சொல்ல மாட்டான் என்று தோன்றியிருக்க வேண்டும். ஸ்டூலை என் பக்கம் தள்ளி, "உக்காந்து அள" என்றார்.

புனேக்கு வடக்கே மஞ்சர் என்ற ஊர்ப் பக்கம் அவர்களுக்கு ஒரு பட்டறை இருந்தது. கணவர் தொடங்கியது. அவர் இறந்து ஆறு வருடமாகிறது, இவர்தான் நடத்துகிறார். நான் கிளம்பும்போது என் விலாசத்தை ரசீதின் பின்பக்கத்தில் எழுதி வாங்கிக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை பிற்பகல், என் அறைக் கதவைத் தட்டினார். எஸ்.டி. என்கிற அரசு பஸ்ஸில் வந்திருந்தார். கையில் துண்டில் சுற்றிய கண்ணாடிச் சட்டம். எனக்குக் கை கால் ஓடவில்லை. அந்த அறையில் விருந்தாளிக்கு நாற்காலி கிடையாது. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. நேராகக் கட்டிலருகே போய் நின்று பண்ணையைப் பார்க்கத் தொடங்கினார். ஒவ்வொன்றையும் பார்த்தார். மோட்டார் அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"எல்லாம் இருக்கு. மனுஷங்களே இல்லையே, பாவூ?"

"மனுஷங்களைச் செய்ய எனக்கு வரலை, தாயி. கை சரியா வர மாட்டேங்குது."

 தாயி துண்டிலிருந்து சட்டத்தைப் பிரித்தார். ஒரு கறுப்பு வெள்ளைப் படம். கதிரடி இயந்திரம் ஒன்றின் அருகே, அதன் மேல் ஒரு கையை ஊன்றி, குட்டையான ஒரு மனிதர் நின்றார். தாயியின் கணவர். அவர் முதன்முதலில் செய்த இயந்திரம் அது. பழைய நெகட்டிவ் ஒன்று கிடைத்து, அவர் இறந்த பிறகு ஸ்டுடியோவில் பெரிதாக்கி வாங்கியது. இயந்திரம் இப்போது இல்லை.

"இதைச் செஞ்சு தருவீங்களா?" என்றார். இந்த முறை 'நீ' இல்லை.

அளவுகள் எங்கும் இல்லை. "அவர் என்ன உயரம்?" என்று கேட்டேன்.

"அஞ்சடி நாலு அங்குலம். செருப்பு போட்டா அஞ்சு அங்குலம்."

அந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டு தொடங்கினேன். அவரை டிவைடரால் அளந்து, அவரிலிருந்து இயந்திரத்தை அளந்தேன். தோள் உயரத்தில் டிரம், இடுப்புக்குக் கீழே சல்லடை, முழங்கால் அளவுக்குச் சக்கரம். ஏழு மாதம், ஷிஃப்ட் முடிந்த ஒவ்வொரு மாலையும், அந்தப் படத்தை ஜன்னலில் சாய்த்து வைத்துக்கொண்டு வேலை செய்தேன். புனேக்கு வந்த பிறகு அந்த அறையில் தினமும் நான் பார்த்த ஒரே முகம் அவருடையதுதான். சில நாள் அவரோடு பேசியும் இருக்கிறேன். "இந்த இடத்துல போல்ட்டா, ரிவெட்டா?" என்று தமிழில் கேட்பேன். பிறகு, நான் பேசிய சத்தம் எனக்கே கேட்டு, எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பேன்.

முடிந்ததும் கார்டு போட்டேன். தாயி வந்தார். நான் துணியை விலக்கினேன். கப்பியைத் திருப்பினால் டிரம் சுற்றியது, சல்லடை ஆடியது. எனக்கே பெருமையாக இருந்தது.

அவர் குனிந்து எல்லாப் பக்கமும் பார்த்தார். பிறகு கதிரை உள்ளே தள்ளும் வாயின் மேல் விரலை வைத்தார்.

"நல்லா செஞ்சிருக்கீங்க. ஆனா இது அவர் மெஷின் இல்லை."

எனக்குப் புரியவில்லை.

"இந்த வாய் இந்தப் பக்கம் இருக்காது. அவர் இடதுகைக்காரர். தன் கைக்கு ஏத்த மாதிரிதான் முதல் மெஷினைப் பண்ணினார். வேலைக்காரங்க திட்டினாங்க. ஒருத்தர்கூட வாங்கலை. எட்டு வருஷம் எங்க வாசல்ல நின்னுச்சு, கோழி உள்ளே முட்டை போட்டுச்சு. அப்புறம் காயலான் கடைக்குப் போயிடுச்சு. இது அவர் பின்னாடி எல்லாருக்கும் பண்ணி வித்தாரே, அந்த மெஷின் மாதிரி இருக்கு."

"ஆனா படத்துல இப்படித்தானே, தாயி?"

படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தோம். வாய் வலப்பக்கம்தான் இருந்தது. இயந்திரத்தின் மேல் ஊன்றியிருந்தது வலது கை. அப்போதுதான் எனக்குச் சட்டைப் பை கண்ணில் பட்டது. பை வலது மார்பில் இருந்தது. யாராவது வலது பக்கம் பை வைத்துச் சட்டை தைப்பார்களா? ஸ்டுடியோவில் நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரின்ட் எடுத்துவிட்டார்கள்.

மயிரிழைப் பிசகுக்குச் சிவப்புப் புள்ளி வைக்கும் நான், ஏழு மாதம் அந்த மனிதரை அங்குலம் அங்குலமாக அளந்த நான், அதைப் பார்க்கவில்லை.

நான் சொன்னதும் தாயி முதலில் சிரித்தார். "நீங்க ஏழு மாசம். நான் ஆறு வருஷமா சுவத்துல மாட்டி தினமும் பூ வைக்கறேன். மூஞ்சியை மட்டும்தான் பார்த்திருக்கேன். கண்ணாடியில தெரியற ஆளைப் பார்த்துட்டு இருந்திருக்கேன், பாவூ." பேசிக்கொண்டே போனவர் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். நான் டீ போடுகிறேன் என்று ஸ்டவ் பக்கம் திரும்பி நின்றேன். ஸ்டவ்வைப் பற்றவைக்க மறந்து அப்படியே நின்றேன்.

மறுபடி செய்தேன். பாதிக்கு மேல் எதையும் திரும்பப் பயன்படுத்த முடியவில்லை. எல்லாமே பக்கம் மாற வேண்டும். ஐந்து மாதம் ஆயிற்று. இந்த முறை நானே பஸ்ஸில் மடியில் வைத்து எடுத்துப் போனேன். பட்டறையில் வெல்டிங் நடந்துகொண்டிருந்தது. தாயி அதை மேஜையில் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையை வாயருகே கொண்டுபோய்க் கதிர் தள்ளுவது போலத் தள்ளிப் பார்த்தார். "இதுதான்" என்றார்.  வேலை செய்தவர்கள் சுற்றி வந்து பார்த்தார்கள். நான் கிளம்பும்போது ஒரு மூட்டை வெங்காயத்தை பஸ்ஸின் மேலே ஏற்றிவிட்டார்.

தனி ஆளுக்கு ஒரு மூட்டை வெங்காயம்! அழுகத் தொடங்குவதற்குள் எங்கள் காம்பவுண்டிலிருந்த மற்ற எட்டு வீட்டுக் கதவுகளையும் தட்டினேன். அத்தனை வருடத்தில் அதுதான் முதல்முறை. எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள், சிலர் உட்காரச் சொன்னார்கள். இரண்டு வீட்டில் என்னைப் புதுக் குடித்தனம் என்று நினைத்தார்கள்.

அந்த ஞாயிறு இதையெல்லாம் மனைவியிடம் சொன்னேன். 

"பன்னிரண்டு மாசம் அந்தம்மாவுக்காகச் செஞ்சிருக்கீங்க. நல்ல காரியம்தான். எங்களுக்கு என்னத்தையாவது செஞ்சு குடுத்திருக்கீங்களா?"

கோபமாகச் சொல்லவில்லை. கேட்கத்தான் செய்தாள்.  மகளுக்கு ஏதாவது செய்யலாம் என்று அன்றே ஒரு சின்ன மாட்டு வண்டிக்குப் படம் போட்டேன். பிறகுதான் அவள் வயதைக் கணக்குப் பார்த்தேன். பத்தாவது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். படத்தை மடித்து நோட்டில் வைத்துவிட்டேன்.

தாயியிடமிருந்து தீபாவளிக்குக் கார்டு வரும், நானும் போடுவேன். இரண்டு மூன்று வருடம் வந்தது. பிறகு நின்றது. நின்றதற்குக் காரணம் என்னவென்று நான் போய்ப் பார்த்திருக்கலாம். மூன்று மணி நேரப் பயணம்தான். போகவில்லை. பார்ப்பது எதுவாக இருக்குமோ என்ற பயம்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கம்பெனியில் விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். பண்ணையோடு பலகையைச் சாய்க்க முடியாது, படுக்கை வாட்டில் வாசல் வழியாக நுழையாது என்பதால் நான்காக அறுத்தேன். வீட்டில் மனைவி ஓர் அலமாரியைக் காலி செய்து கொடுத்தாள். எங்கள் வீட்டில் இருந்த வேறு எந்தப் பொருளும் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. உப்பு டப்பாவுக்குக்கூட அவளைக் கேட்டேன். அவளும் இத்தனை வருடம் தனியாகவே முடிவெடுத்துப் பழகியவள். என்னைக் கேட்க வேண்டும் என்பது அவளுக்கு மறந்துவிடும். சண்டை எதுவும் இல்லை. ஒரே வீட்டில் இருவரும் கொஞ்சம் ஒதுங்கி ஒதுங்கி நடந்தோம்.

நான் திரும்பிய இரண்டாம் வருடம் மகளுக்கு வேலை கிடைத்தது. புனேயின் ஹிஞ்சேவாடியில். நான் விட்டு வந்த ஊருக்கு அவள் போனாள். முதலில் தோழிகளோடு இருந்தாள். அவர்கள் ஒவ்வொருவராகக் கல்யாணமாகிப் போக, தனியாக ஒரு ஃபிளாட் எடுத்தாள்.

ஒரு நாள் போனில் பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்: "நீங்க எப்படிப்பா இங்க பத்துப் பன்னிரண்டு வருஷம் தனியா இருந்தீங்க?"

"வேலை இருந்துச்சும்மா."

"வேலை எனக்கும்தான் இருக்கு. அது முடிஞ்சு வீட்டுக் கதவைத் திறக்கிறப்பதான்…" என்று நிறுத்திவிட்டாள்.

"நான் வரட்டுமா?" என்றேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. நான் மட்டும் போனேன். மூன்று வாரம் இருந்தேன். காலை எட்டு மணிக்குக் கம்பெனி கேப் வந்து மகளை அழைத்துப் போகும். பகல் முழுக்க அந்த ஏழாவது மாடியில் நான் மட்டும். குழாய் ஒழுகியது, சரி செய்தேன். கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டேன். சாயங்காலம் சாதம் வடித்து வைப்பேன். கேப்பிலிருந்து இறங்குபவள் நிமிர்ந்து பார்ப்பாள்; நான் பால்கனியில் நிற்பேன்.

முதல் ஞாயிறு எங்காவது போகலாம் என்று சொல்லியிருந்தாள். பதினொரு மணி வரை தூங்கினாள். எழுப்ப மனம் வரவில்லை. டீயைப் போட்டு மூடி வைத்துவிட்டு, அவள் கதவைத் திறக்கும்போது வீட்டில் ஆள் இருக்கட்டும் என்று, பக்கத்து அறையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.