செருப்புக் கடியும் ரப்பர் பாலும்

போன வாரம் ருவான்வெல்லைக் கடைத்தெருவில் ஒரு சோடிச் செருப்பு வாங்கினேன். பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வரை நடந்ததுதான் தெரியும், பெருவிரல் ஓரத்தில் கடித்துக் கொப்பளமே வந்துவிட்டது. என் கணவர் பார்த்துச் சிரித்தார். சிரிக்கட்டும். ஒரு காலத்தில் இந்தக் காலின் நுனியில் நின்று சம்பளம் வாங்கியவள் நான் என்று சொன்னால், புதிதாகக் கேட்பவர்களும் சிரிக்கத்தான் செய்கிறார்கள்.

உண்மைதான். நான் கொழும்பில் பாலே நடனம் ஆடினேன். இங்கிருந்து மேலே ஏறிப் போனால் வரும் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவளின் மகளுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அப்பாவின் தங்கை கொழும்பில் ஒரு நடனப் பள்ளியில் துப்புரவு வேலை பார்த்தாள். டவுன் பள்ளிக்கூடத்தில் படிக்கட்டும் என்று சின்ன வகுப்பிலேயே என்னைக் கூட்டிப்போய் வைத்துக்கொண்டாள். அத்தை மண்டபத்தைக் கூட்டும் நேரத்தில், சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் செய்வதை நானும் செய்து பார்ப்பேன். ஒரு நாள் நடனம் சொல்லிக்கொடுக்கும் மிஸ் பார்த்துவிட்டார். ஏச்சு விழப்போகிறது என்று நின்றேன். அவரோ என் பாதத்தைத் தூக்கி, சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுநாளிலிருந்து நான் கடைசி வரிசைப் பிள்ளை. வளர்ந்ததும் அவருடைய குழுவிலேயே வேலை கிடைத்தது.

மேடையில் நீங்கள் பார்ப்பது வெள்ளை உடுப்பையும் பூப்போல எழும்பும் பெண்களையும். நாங்கள் பார்த்ததெல்லாம் வேர்வையும் ஸ்பிரிட்டு வாசனையும்தான். விடிந்ததும் கம்பியைப் பிடித்து முழங்காலை மடக்கி நிமிரத் தொடங்கினால், நேற்று மேடையில் எவ்வளவு கைதட்டு வாங்கினாலும் இன்று மறுபடி அரிச்சுவடிதான். காலில் மாட்டி ஆடும் புதுச் சப்பாத்து வந்தால், துணியையும் பசையையும் அடுக்கி இறுக்கிய அதன் நுனியைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கி வழிக்குக் கொண்டுவர வேண்டும். ரிப்பனை அவரவரே தைக்க வேண்டும். பிறகு கால். விரல் விரலாகப் பஞ்சு சுற்றுவது, தோல் தடிக்க ஸ்பிரிட்டு தடவுவது, நகத்தை ஒட்ட வெட்டுவது, இரவில் ஐஸ் வாளிக்குள் பாதத்தை வைத்துக்கொண்டு சாப்பிடுவது. மிஸ் அவித்த முட்டை சாப்பிடச் சொல்வார். எனக்கோ சோறும் பருப்பும் கருவாடும் இல்லாவிட்டால் கால் தூக்க வராது. அத்தை ஒளித்துத் தருவாள். அந்தக் கருவாட்டுக்குத்தான் நான் அவ்வளவு உயரம் குதித்தேன் என்று இன்றும் நம்புகிறேன்.

சப்பாத்து வழுக்காமலிருக்க, மண்டபத்து மூலையில் ஒரு பெட்டியில் மரப்பிசின் தூள் வைத்திருப்பார்கள். அதற்குள் ஏறி மிதித்துவிட்டுத்தான் ஆட வேண்டும். மிதிக்க மிதிக்க ஒரு வாசனை கிளம்பும். ரப்பர் வாசனை அது இல்லை. ஆனாலும் எனக்கு அம்மாவின் ஞாபகம் வரும். மரத்திலிருந்து ஒழுகுவது எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு ஒற்றுமை இருக்கிறது போலிருக்கிறது. அம்மாவின் சீலையில், தலைமயிரில், அவள் தரும் ரொட்டியில்கூட ரப்பர் பால் மணக்கும். மழை இல்லாத விடியல்களில் வெறுங்காலோடு மலையேறி, மரத்துக்கு மரம் பட்டையைச் சீவி, பால் பிடிக்கும் சிரட்டையைத் திருப்பி வைத்துக்கொண்டே போவாள். கல்லில் அடிபட்டாலும் முள் கிழித்தாலும் ஒரு சொட்டுப் பாலை விரலால் தொட்டுக் காயத்தில் வைத்துவிட்டு நடப்பாள். காய்ந்து இன்னொரு தோல்போல ஒட்டிக்கொள்ளும். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எல்லாருக்கும் அதுதான் பிளாஸ்டர்.

ஒரு வருடம் மிஸ் ஆற்றங்கரைக் கதை ஒன்றை நடனமாக அமைத்தார். அதில் கொக்கு தனியாக வந்து ஆடும் ஒரு பகுதி. கூட்டத்தோடு கூட்டமாகவே ஆடிவந்த எனக்கு அது கிடைத்தது. மேடை முழுக்க நான் மட்டும். பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோது அம்மாவிடம் சொன்னேன். என் ஆட்டத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை. வேலைக்குப் போகாவிட்டால் அன்றைக்குப் பேர் விழாதே, சம்பளம் போய்விடுமே என்று ஒவ்வொரு முறையும் நின்றுவிடுவாள். இந்த முறை கட்டாயம் வருவதாகச் சொன்னாள்.

அன்று மலைத்தண்ணீர் விழும் பீலியடியில் கால் கழுவும்போது என் பாதத்தைப் பார்த்துவிட்டாள். பெருவிரல் பக்கம் கொப்பளம் உடைந்து சிவந்திருந்தது. எங்களுக்கு அது சாதாரணம். அவளுக்கு இல்லை.

“டவுன்ல வேல பாக்குற புள்ள காலா இது? என்னோடத விட மோசமா கெடக்கே.”

மறுநாள் வேலை முடிந்து வரும்போது சிரட்டையில் கொஞ்சம் பால் கொண்டுவந்தாள். என்னை உட்கார்த்தி, காலை மடியில் வைத்து, ஊதி ஊதிப் பூசினாள். எரிந்தது. பிறகு எரிச்சல் அடங்கிவிட்டது. நான் கொழும்புக்குப் பஸ் ஏறும்போது வலி என்பதே இல்லை. ஆகா, மிஸ்ஸின் ஸ்பிரிட்டும் பஞ்சும் எங்கே, எங்கள் மருந்து எங்கே என்று எனக்கு ஒரே பெருமை.

அம்மாவின் மருந்து வெறுங்காலுக்கானது. காற்றுப் பட்டு, வெயில் பட்டுக் காயும் காலுக்கு. இதை நான் யோசிக்கவே இல்லை. பஞ்சும் சப்பாத்தும் வேர்வையும் மூடிய இருட்டுக்குள் அந்தப் பாலுக்கு அடியில் காயம் பழுத்துக்கொண்டிருந்தது. ஒத்திகையில் நுனிக்கால் எழும்பியபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. மிஸ் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். கறுத்துப்போயிருந்த பாலை உரித்ததும் தோலும் சேர்ந்து வந்தது. என்ன பூசினாய் என்று கேட்டார். சொன்னேன். அவர் ஏசவில்லை, ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். கொக்கை நிலூவுக்குக் கொடுத்தார்.

நிலூ என் தோழி. “அனே நங்கி”, ஐயோ தங்கச்சி, என்று சிங்களத்தில் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு என்னைவிட அதிகமாக அழுதாள். அப்படியும் எனக்கு அவள்மேல் பொறாமை தீரவில்லை. எனக்குக் கிடைத்தது நாணல் புல். நுனிச் சப்பாத்துத் தேவையில்லாமல், பச்சை உடுப்பில், பின்வரிசையில் நின்று அசைய வேண்டும். அம்மாவுக்குச் சொல்லி அனுப்பவில்லை. என்னவென்று சொல்வது? உன் மருந்துதான் என்னைப் புல்லாக்கிவிட்டது என்றா?

அவள் வந்தாள். அத்தையோடு மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நிலூ முகமெல்லாம் வெள்ளை பூசி, தலையில் இறகு வைத்து, ஒற்றைக் காலில் நின்றாள். சபை அசையவில்லை. நான் புல்லாக ஆடிக்கொண்டே பின்னாலிருந்து பார்த்தேன். அழகாகத்தான் ஆடினாள். முடிந்ததும் காலின் கட்டுத் தெரியாமல் மேஸ் உறையை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினேன். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, முதலில் காலைத்தான் பார்த்தாள்.

“கொக்கு நல்லா ஆடுச்சு புள்ள” என்றாள். பிறகு, “காலு நோவலையே?”

“இல்லம்மா. நீங்க பால் வச்சதுல காஞ்சிருச்சு.”

அவித்த மரவள்ளிக்கிழங்கும் காரக் கட்டசம்பலும் கட்டிய பொட்டலத்தைக் கையில் தந்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குப் போனாள். நிலூவை நான் என்று நினைத்துக்கொண்டாள், நல்லதுதான் என்று நானும் இருந்துவிட்டேன். கால் ஆறியது. அடுத்தடுத்த வருடங்களில் தனியாக ஆடவும் கிடைத்தது. அப்போதெல்லாம் வரச்சொன்னால் ஏதாவது சாக்குச் சொல்வாள்.

நான் ஆட்டத்தை விட்டுவிட்டு, கலியாணமாகி, இந்தப் பக்கமே வந்து சேர்ந்த பிறகு ஒரு நாள். லயத்தில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் காம்பிரா வீட்டுப் பிள்ளை அழுதுகொண்டு வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போட்ட புதுச் சப்பாத்து குதிகாலைக் கடித்திருந்தது. அதன் தாய், கொஞ்சம் பால் வைத்துவிடுங்கள் அக்கா என்றாள். அம்மா அவசரமாகக் கையை நீட்டித் தடுத்தாள்.

“சப்பாத்துப் போடுற காலுக்குப் பால் வைக்கக் கூடாது. உள்ளுக்குள்ளயே சீப்புடிச்சிரும்.”

அந்தத் தாய் புரியாமல் நின்றாள். அந்த லயத்தில் யாரும் அப்படி ஒரு விதியைக் கேட்டதே இல்லை. எனக்குப் புரிந்தது. கொக்கு நல்லா ஆடுச்சு என்றாளே தவிர, நீ நல்லா ஆடுன என்று அன்று அவள் சொல்லவே இல்லை. பெற்றவளுக்கு மகளின் காலைத் தெரியாதா? அத்தை சொன்னாளோ, தானாகவே கண்டுபிடித்தாளோ, நான் கேட்கவில்லை. அவளும் என் பக்கம் திரும்பவில்லை. அந்தப் பிள்ளையின் குதிகாலைச் சுடுநீரில் கழுவிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்தது. அடுப்புப் புகை என்று சொல்லி வெளியே போனேன்.

இப்போது அம்மா இல்லை. அவள் பால் வெட்டிய மலையில் மரங்களைத் தறித்துவிட்டார்கள். வருடக்கணக்காகத் தடிக்க வைத்த என் பாதத்துத் தோலும் எப்போது போனது என்று தெரியாமல் போய்விட்டது, புதுச் செருப்பைக்கூடத் தாங்கவில்லை. ஃபார்மசியில் வாங்கிய பிளாஸ்டரை ஒட்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். செருப்புத்தானே, காற்றுப் படுகிற கால்தானே, இதற்குப் பால் வைக்கலாம் புள்ள என்று அம்மா சொல்லியிருப்பாள்.