பூமிகாவிடம் மட்டும் சொன்னவை

சனிக்கிழமை பூமிகா வருகிறாள் என்றால் ஜெயராஜ் காலை ஏழு மணிக்கே குளித்துவிடுவான். இஸ்திரி போட்ட சட்டை வேறு. கிறிஸ்டினா அடுப்படியிலிருந்தே பார்த்துக்கொண்டிருப்பாள். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் தனக்காக ஒரு நாள்கூட அவன் இப்படித் தயாராகி உட்கார்ந்ததில்லை.

ஜெயராஜ் சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் ஒரு ரோலிங் மில்லில் கிரேன் ஓட்டியவன். மூன்று வருஷத்துக்கு முன் இடது கண்ணின் இமை தானாக இறங்கியது. கிரேனில் தொங்கும் ஒரு கொக்கி இரண்டாகத் தெரிந்தது. சென்னை ஆஸ்பத்திரியில் மயஸ்தீனியா என்றார்கள். நரம்பு சொல்வதைத் தசை கேட்காத வியாதி. காலையில் தெம்பாக இருப்பவன் பொழுது சாயச் சாய ஓய்ந்துபோவான். வேலை போயிற்று. கிறிஸ்டினா ஒரு கம்பெனி கேன்டீனில் சேர்ந்து குடும்பத்தை இழுத்தாள்.

இந்த நோயாளிகளிடம் கேட்பதற்கென்று வெளிநாட்டில் தயாரித்த கேள்வித்தாள் ஒன்றை ஆஸ்பத்திரியில் தமிழாக்கிக்கொண்டிருந்தார்கள். அதை நோயாளிகளிடமே படித்துக் காட்டி, புரிகிறதா என்று பார்த்துத் திருத்துவது பூமிகாவின் வேலை. அன்று அவள் வந்தது மூன்றாவது சனிக்கிழமை.

"அண்ணா, 'மெல்லும்போது சோர்வு'ன்னு போட்டிருக்கோம். சரியா இருக்கா?"

"சோர்வுன்னா ஒடம்பு பூரா இல்ல வரும்? நாலு வாய் நல்லா மெல்லுவேன்மா. அஞ்சாவது வாய்க்குத் தாடை நின்னுபூடும். கையால முட்டுக் குடுத்து மெல்லணும். யாரும் பாக்காதப்ப அப்பிடித்தான் துன்றேன்."

கிறிஸ்டினாவின் கை கரண்டியோடு நின்றது. ஒரு வருஷமாக அவன் பாதித் தட்டை ஒதுக்குகிறான். தன் சமையல்தான் அலுத்துவிட்டது என்று அவள் மசாலாவை மாற்றிப் பார்த்தாள், சண்டையும் போட்டாள். காரணத்தை இந்தப் பெண் இரண்டே நிமிஷத்தில் வாங்கிவிட்டாள்.

டீ கொண்டுபோனாள். பூமிகாவின் டம்ளரில் சர்க்கரை போடவில்லை. பூமிகா முகம் சுளிக்காமல் குடித்தாள். அதில் கிறிஸ்டினாவுக்கு இன்னும் எரிந்தது.

"தலை சீவறப்ப கை ஓயுதாண்ணா?"

"சீவறதுக்கு முடி எங்கம்மா கீது?" ஜெயராஜ் வாய்விட்டுச் சிரித்தான். உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. "பாத்தியா, சிரிச்சா மொகம் கோணிக்குது. அதான் ஊட்ல சிரிக்கறதேயில்ல. இதையும் எழுதிக்க."

அவள் எழுதிக்கொண்டாள். அவள் ஆட்டோ தெருமுனை திரும்பியதும் கிறிஸ்டினா வெடித்தாள்.

"இன்னாயா, அவளப் பாத்தா வாய் ஓயாம பேசுற. எங்கிட்ட மட்டும் ஒட்டிக்குதா?"

"கேட்டா, சொன்னேன்."

"நான் கேக்கலியா? டெய்லி எப்பிடி கீதுன்னு கேக்கறனே!"

"நீ கேட்டா, நல்லா கீதுன்னு சொல்லத்தான் தோணுது கிறிஸ்டி. இல்லன்னா அழுவ. அப்பால டபுள் ஷிப்டு கேட்டு வாங்கிக்குவ. அந்தப் பொண்ணு எழுதிக்கினு போயிடும். அவ்ளோதான்."

அவள் அழவில்லை. அழுதால் அவன் சொன்னது நிஜமாகிவிடும்.

மறுநாள் சர்ச்சிலிருந்து வந்ததும், பூமிகா விட்டுப்போன பிரதியை எடுத்துக்கொண்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள். "பேச்சு குளறுதா? எப்பவும், சில நேரம், இல்ல. ஒண்ணச் சொல்லு."

"இல்ல."

"பொய் சொல்லாத. சாயங்காலம் ஆனா குளறுதுன்னு அவகிட்ட சொன்ன. கேட்டுக்கினுதான் இருந்தேன்."

அவன் அவளையே பார்த்தான். "சில நேரம்," என்றான்.

எட்டுக் கேள்விக்கு மத்தியானம் ஆகிவிட்டது. தண்ணீர் சில சமயம் மூக்கில் ஏறுகிறது என்று அவன் சொன்னபோது அவள் எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். அவன் கவனித்தான். ஆனாலும் அடுத்த கேள்விக்கும் மறைக்காமல் பதில் சொன்னான்.

அதன் பிறகு ஞாயிறுதோறும் கேட்டாள். மதியச் சோறு குழைந்தது, கறி கொத்துக்கறியானது. ஆறு மாதம் கழித்து அச்சான தாள் வந்தபோது, 'தாடை ஓய்ந்து நின்றுவிடுகிறதா?' என்று அதில் இருந்தது. ஜெயராஜ் அதைத் தெருவில் எல்லோருக்கும் காட்டினான். கிறிஸ்டினாவுக்குப் பெருமைதான். ஆனால் அந்தச் சொல்லை அவன் முதலில் தன்னிடம் சொல்லவில்லை என்ற வயிற்றெரிச்சல் அப்படியே இருந்தது.

பூமிகா வேறொரு நோய்க்கான கேள்வித்தாளோடு மதுரைக்குப் போய்விட்டாள் என்று தெரிந்தது.

"நல்ல பொண்ணு," என்றான் ஜெயராஜ்.

"நல்லவதான்," என்றாள் கிறிஸ்டினா. பாதி மனசோடுதான் சொன்னாள்.