நான் சேர்த்த பூஜ்யம்

மதியம் ஒன்றரை மணி ஆனால் இப்போதும் கை தானாகப் போனுக்குப் போகிறது. டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துவிட்டுத் திரையைப் பார்க்கிறேன். பார்க்க அதில் ஒன்றுமில்லை. அந்தச் செயலியை அழித்துவிட்டேன். ஆனாலும் சோறு உள்ளே இறங்க இரண்டு மணி ஆகிறது.

நாமக்கல்லில் ஒரு முட்டை வியாபார அலுவலகத்தில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை பார்க்கிறேன். வீடு எருமப்பட்டியில். என் வேலை பெரும்பாலும் போனில்தான். முட்டைக்கு ஒவ்வொரு நாளும் ஒரு விலை அறிவிக்கப்படும். பேப்பரிலும் டிவியிலும் வரும். பண்ணைக்காரருக்கு அந்த விலை அப்படியே கிடைக்காது. சரக்குத் தேங்கியிருந்தால் அதிலிருந்து இத்தனை பைசா குறைத்துத்தான் எடுப்போம். அந்தக் குறைவுக்கு இங்கே மைனஸ் என்று பெயர். எனக்குப் போன் செய்கிறவர்கள் விலை என்ன என்று கேட்பதில்லை. "ஏனுங்க, இன்னைக்கு மைனஸ் எத்தனைங்க?" என்றுதான் கேட்பார்கள். நான் சொல்வேன். அவர்கள் திட்டுவார்கள். "பேப்பர் விலை வேறங்க, கைக்கு வர்ற விலை வேறங்க" என்று நானும் ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது சொல்லியிருப்பேன்.

இப்படிப்பட்ட ஆள் செய்யக்கூடாத காரியத்தைத்தான் நான் செய்தேன்.

என் மகள் கம்ப்யூட்டர் பொறியியல் கடைசி வருடம் படிக்கிறாள். கடைசி வருடப் புராஜெக்டுக்காக ஒரு மென்பொருள் எழுதினாள். வெளிநாட்டு நாணயங்களின் விலையைக் கவனித்துத் தானாகவே வாங்கி விற்கும் மென்பொருள். அவள் எனக்கு விளக்கியது எளிதாகவே இருந்தது. காலையிலிருந்து மதியம் வரை விலை ஒரு சின்ன எல்லைக்குள்ளேயே ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அந்த எல்லைக்கு மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. மதியம் லண்டனில் சந்தை திறக்கும்போது விலை ஏதாவது ஒரு கோட்டை உடைத்துக்கொண்டு ஓடும். மேல் கோட்டைத் தாண்டினால் வாங்க வேண்டும், கீழ்க் கோட்டைத் தாண்டினால் விற்க வேண்டும். மனிதன் பார்த்துச் செய்வதற்குள் விலை ஓடிவிடும் என்பதால் மென்பொருள்.

மூன்று மாதம் மாதிரிக் கணக்கில், அதாவது பொய்ப் பணத்தில் ஓட்டிப் பார்த்தாள். மோசமில்லை. எனக்குத்தான் ஆசை வந்தது. அவள் வேலை கிடைத்து வெளியூர் போனால் தங்குவதற்கு முன்பணம் கட்ட என்று ஒதுக்கியிருந்ததை அதில் போடலாம் என்றேன். அவள் வேண்டாமென்றாள். நான் விடவில்லை.

"சரிங்கப்பா. ஆனா நம்பர் எதையும் தொடக்கூடாது. ஒண்ணைக்கூட."

"நான் எதுக்கு சாமி தொடறேன்? எனக்கு அதுல என்ன தெரியும்?"

அவளுடைய பழைய மடிக்கணினியை இன்வெர்ட்டருக்குப் பக்கத்து மேசையில் வைத்து ஓடவிட்டாள். அதில் நடப்பதை நான் அலுவலகத்திலிருந்து போனில் ஒரு செயலியில் பார்க்கலாம்.

முதல் நாள் மதியம் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்தேன். ஒன்றரை ஆயிற்று. திரையில் ஒரு வரி வந்தது: இடைவெளி அதிகம், விலகி நிற்கிறேன். அவள் தமிழிலேயே எழுதி வைத்திருந்தாள். மறுநாளும் அதே வரி. மூன்றாம் நாள் ஒருமுறை வாங்கிக் கொஞ்சம் லாபம் பார்த்தது. அப்புறம் ஒரு வாரம் மறுபடி விலகி நின்றது.

சாயங்காலம் அவளைக் கேட்டேன். எதிலும் வாங்குகிற விலை ஒன்று, விற்கிற விலை ஒன்று இருக்கும், இரண்டுக்கும் நடுவில் இடைவெளி உண்டு, பரபரப்பான நேரத்தில் அது அகலமாகிவிடும், அப்போது உள்ளே போனால் போகும்போதே நஷ்டம் என்றாள். விலை நகரும் மிகச் சின்ன அளவுக்குப் புள்ளி என்று பெயராம், இருபது புள்ளிக்கு மேல் இடைவெளி இருந்தால் தொடாதே என்று எழுதியிருக்கிறாளாம்.

"அப்புறம் எதுக்கு இத்தன கரண்ட்டு?" என்றேன்.

அங்கன்வாடியில் வேலை பார்க்கும் என் மனைவி அந்தப் பக்கம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், "அடைகாக்கற கோழிகூட இருபத்தொரு நாள் பொறுக்குதுங்க. உங்களுக்கு ஒரு வாரம் பொறுக்கல" என்றாள்.

அந்த வாரம் சேலம் போக வேண்டியிருந்தது. செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மொத்தக் கடை வைத்திருக்கும் என் கல்லூரி நண்பனைப் பார்த்தேன். அவனும் இதே மாதிரி ஒரு மென்பொருளை எங்கேயோ வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தான். மூட்டைகளுக்கு நடுவே நின்று போனைக் காட்டினான். ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு முறை வாங்கி விற்றிருந்தது. எல்லாம் பச்சை, லாபம்.

"உன் பொண்ணு எழுதினது என்ன மாப்ள பண்ணுது?"

"விலகி நிக்குது."

"விலகி நிக்கறதுக்கா மாப்ள இஞ்சினீயரிங் படிக்க வெச்ச?" என்று சிரித்தான். கடை ஆட்களும் சிரித்தார்கள்.

திரும்பி வரும் பஸ் முழுக்க அந்தச் சிரிப்பு கூடவே வந்தது. அடுத்த நாள் காலை மகள் கல்லூரி பஸ்ஸில் ஏறிய பிறகு, மனைவியும் அங்கன்வாடிக்குப் போன பிறகு, மடிக்கணினியின் முன் உட்கார்ந்தேன். அமைப்புகள் என்ற பக்கம் எங்கே என்று அவள் காட்டியபோதே பார்த்து வைத்திருந்தேன். இருபது என்று இருந்தது. பக்கத்தில் ஒரு பூஜ்யம் சேர்த்தேன். இருநூறு. அரை நிமிட வேலை. செருப்பைப் போட்டுக்கொண்டு அலுவலகம் போனேன்.

அன்றைக்கு மதியம் லண்டனில் அரசாங்கமோ வங்கியோ ஏதோ ஒரு அறிவிப்பு வெளியிட்டிருக்கிறது. எனக்கு அதெல்லாம் தெரியாது. ஒன்றரை மணிக்கு விலை மேல் கோட்டைத் தாண்டியது. வாங்கியது. வாங்கிய விலை திரையில் நான் பார்த்த விலையைவிட எங்கேயோ உயரத்தில் இருந்தது. உடனே விலை இறங்கியது. மென்பொருள் நஷ்டத்தில் வெளியே வந்து, விலை கீழ்க் கோட்டைத் தாண்டியதும் விற்றது. விற்றவுடன் விலை ஏறியது. மறுபடி வாங்கியது. போனில் ஒன்றை நான் மூடினால் மென்பொருள் அடுத்ததைத் திறந்தது. போனிலிருந்து வியாபாரத்தை மூடலாம், மென்பொருளை நிறுத்த முடியாது. அது எனக்கு அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது.

மனைவிக்குப் போன் செய்தேன்.

"உடனே ஊட்டுக்குப் போ. அந்த லேப்டாப் ஒயரைப் பிடுங்கு."

"கொழந்தைங்களுக்கு சோறு போட்டுட்டு இருக்கேனுங்க."

"ஆயாகிட்டச் சொல்லிட்டு ஓடு!"

இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. இருந்தாலும் அவள் போய்ச் சேர்வதற்குள் இன்னும் மூன்று முறை வாங்கி விற்றுவிட்டது.

"பிடுங்கிட்டேனுங்க."

"நின்னுதா?"

"இல்லீங்க, லைட்டு எரியுது. படமெல்லாம் ஓடுது."

பேட்டரி. இருபது வருடம் பட்டணத்தில் வேலை பார்த்தவனுக்கு மடிக்கணினியில் பேட்டரி இருப்பது மறந்துபோயிற்று.

"மூடு. மூடியை மூடித் தொலை!"

மூடினாள். என் போனில் புதிதாக ஒன்று திறந்தது. மூடினாலும் தூங்காதபடி மகள் செய்து வைத்திருந்தாள். கரண்ட் போனாலும் நெட் நிற்காதபடி மோடமும் இன்வெர்ட்டரில் இருந்தது. எல்லாவற்றையும் அவ்வளவு கவனமாகச் செய்திருந்தாள்.

"செவுத்துல பச்சை லைட்டு மின்னுதே, அந்த டப்பா. அதைப் பிடுங்கு!"

"எதுங்க? ரெண்டு டப்பா இருக்குது."

"ரெண்டையும்!"

அப்புறம்தான் நின்றது. போட்ட பணத்தில் பாதிக்கு மேல் போயிருந்தது. எதிர் மேசையில் இருந்த கணக்காளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். டிபன் பாக்ஸில் தயிர்சாதம் அப்படியே இருந்தது.

அரை நாள் விடுப்புப் போட்டு மகள் வருவதற்கு முன் வீட்டுக்குப் போனேன். மோடத்தை மாட்டுவதற்கு முன் மடிக்கணினியைத் திறந்தேன். பூஜ்யத்தை எடுத்துவிட்டு மறுபடி இருபது என்று வைத்தேன். இப்போது நினைத்தால் பணத்தைவிட இதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. பூஜ்யத்தைச் சேர்த்தது ஆத்திரத்தில். எடுத்தது நன்றாக யோசித்து.

மகள் வந்தாள். பார்த்தாள். அமைப்புகளைத் திறந்தாள். இருபது என்றே இருந்தது. அன்று வாங்கி விற்ற பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். பிறகு, "என் புரோகிராம்லதான் ஏதோ தப்புங்கப்பா. இடைவெளி நூத்துக்கு மேல போயிருக்குது, ஆனாலும் புரோகிராம் உள்ள போயிருக்குது. நான் சரியா டெஸ்ட் பண்ணல. உங்க பணம்..." என்றாள்.

"உடு சாமி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அன்றிலிருந்து நான்கு நாளும் நான் உலகத்தில் எல்லோர் மேலும் கோபப்பட்டேன். வாங்கி விற்க நாங்கள் கணக்குத் தொடங்கியிருந்த நிறுவனத்துக்கு எழுதினேன். திரையில் காட்டிய விலை ஒன்று, கொடுத்த விலை ஒன்று, இது என்ன நியாயம் என்று. பதில் உடனே வந்தது. உங்கள் பொறுமைக்கு நன்றி என்றது. மறுபடி எழுதினேன். மறுபடி அதே நன்றி. பதில் எழுதுவதும் ஒரு மென்பொருள்தான் என்று புரிய எனக்கு ஆறு கடிதம் ஆயிற்று. அந்த நிறுவனம் ஏதோ தீவில் பதிவாகியிருக்கிறது, நம் ஊர் ஆட்கள் அதில் பணம் போடவே அனுமதி கிடையாது என்பதையும் அப்போதுதான் படித்தேன். முதலில் படிக்க வேண்டியது.

செவ்வாய்ப்பேட்டை நண்பனைப் போனில் பிடித்துத் திட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நெஜப் பணமா போட்ட?" என்றான்.

"பின்னே?"

"அட மாப்ள, நான் மாதிரிக் கணக்குலல்ல ஓட்டறேன். நெஜப் பணத்துல ஆடுனா எங்க அத்தா தோலை உரிச்சிருவாரு. உங்கிட்டச் சொல்லல?"

சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இதற்கு நடுவில் வீட்டில் மகள் தன் மென்பொருளை ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தாள். இல்லாத தப்பைத் தேடினாள். கல்லூரி விட்டு வந்ததும் உட்கார்ந்தால் சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுவதில்லை. வெள்ளிக்கிழமை அவளுடைய புராஜெக்டை ஆசிரியர்கள் பார்க்க வருகிறார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் அம்மாவிடம் அவள் சொன்னது எனக்குக் கேட்டது.

"கண்டுபிடிக்க முடியலம்மா. இதை உட்டுடறேன். காசு குடுத்தா ரெடியா ஒரு புராஜெக்ட் தர்றாங்க. நூலகத்துக்குப் புத்தகம் பதியற மாதிரி ஏதோ. அதை வாங்கிக் காமிச்சுக்கறேன். எனக்கு இதெல்லாம் வராது போலம்மா."

எனக்கு இதெல்லாம் வராது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து ராத்திரி பகல் பார்க்காமல் மென்பொருள் எழுதிப் பழகிய பெண். வேலைக்கு நேர்காணல்கள் வரும் நேரம். நான் உள்ளே போனேன். கட்டிலில் உட்கார்ந்தேன்.

"சாமி, தப்பு அதுல இல்ல. நான்தான் இருபதை இருநூறாக்கினேன். அன்னைக்குச் சாயங்காலம் நீ வர்றதுக்குள்ள திருப்பி மாத்திட்டேன்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். மடிக்கணினியை இழுத்து எதையோ திறந்தாள். அமைப்புகளில் செய்யும் மாற்றங்களெல்லாம் வரிசையாகப் பதிவாகும் பக்கம் அது. அன்று காலை எட்டு ஐம்பதுக்கு வரம்பு இருநூறு, மாலை நாலு மணிக்கு வரம்பு இருபது. இரண்டு வரியும் அங்கேயே இருந்தன.

"இங்கயே இருக்குது பாருங்க. நாலு நாளா இதைத் தொறக்கவே தோணல. ஊட்ல யாரு வந்து மாத்தப் போறாங்கன்னு..." நிறுத்தினாள். அப்புறம், "அந்த இருபதை நான் எங்கிருந்து புடிச்சேன்னு நெனச்சீங்க?" என்றாள்.

"காலேஜ்ல சொல்லிக் குடுத்திருப்பாங்க."

"காலேஜ்ல கோடு தாண்டறதுதான் சொல்லிக் குடுத்தாங்க. இது நீங்க போன்ல பேசறது. சின்ன வயசுல இருந்து லீவு நாள்ல உங்க பக்கத்துல உக்காந்து கேட்டிருக்கேன். காட்டற விலை வேற, கைக்கு வர்ற விலை வேறன்னு. அதைத்தான் எழுதி வெச்சேன். நீங்க பார்த்தவுடனே புரிஞ்சுக்குவீங்கன்னு நெனச்சேன்."

மனைவி கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மகள் அன்று வேறு புராஜெக்ட் வாங்கவில்லை. வெள்ளிக்கிழமை தன்னுடையதையே கொண்டுபோய்க் காட்டினாள். நான் இதை நேராகத் தெரிந்துகொள்ளவில்லை. சாயங்காலம் அவள் சமையலறையில் அம்மாவிடம் சொன்னாள். அந்த ஒரு நாளின் பதிவையும் படமாகப் போட்டாளாம், வரம்பை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று. ஆசிரியர்களுக்கு அதுதான் பிடித்ததாம். யார் மாற்றியது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பயன்படுத்துபவர் என்று சொல்லியிருக்கிறாள்.

"யூசர்னு சொன்னாளாம்" என்று மனைவி தட்டில் சோற்றைப் போட்டபடி என்னிடம் சொன்னாள். "இந்தாங்க யூசரே, சாப்பிடுங்க."

அவள் சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை. என்னைக் கடந்து போய்க் கை கழுவினாள்.

மிச்சமிருந்த பணத்தைத் திருப்பி எடுக்க விண்ணப்பித்திருக்கிறேன். பொறுமைக்கு நன்றி என்று வந்திருக்கிறது. முன்பணத்துக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. மகளுக்கு வேலை கிடைத்தால் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்றும் தெரியவில்லை. மதியம் போன் வந்தால் மைனஸ் எத்தனை என்று சொல்கிறேன். நேற்று வெண்ணந்தூர்ப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர், "இத்தன மைனஸ் போட்டா நாங்க எப்படிங்க பொழைக்கறது?" என்று கத்தினார். வழக்கமான பதிலைச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்வெர்ட்டருக்குப் பக்கத்து மேசை காலியாக இருக்கிறது. அந்தப் பழைய மடிக்கணினியை மகள் இப்போது தினமும் பையில் வைத்துக் கல்லூரிக்கு எடுத்துப் போகிறாள். புதியது ஒன்றும் அவளிடம் இருக்கிறது. இரண்டையும் சுமந்துகொண்டுதான் பஸ் ஏறுகிறாள். பை கனக்கிறது என்பது அவள் தோளைப் பார்த்தாலே தெரிகிறது. ஒன்றை வீட்டில் வைத்துவிட்டுப் போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.