கூப்பிடும் குரல்

டெல்ஃபினா கசாரெஸ் பதினெட்டு வருஷம் பிளம்ஸ் காயவைக்கும் கொட்டகையில் நின்றவள். கால் நரம்பெல்லாம் சுருட்டிக்கொண்ட பிறகு, நாற்பத்தாறு வயதில், மலையடிவாரத்துப் பள்ளியில் டி.கே. என்கிற முன்மழலை வகுப்பில் உதவியாளராகச் சேர்ந்தாள். செப்டம்பர் தாண்டிப் பிறந்ததால் கிண்டர்கார்டனுக்குக் கொஞ்சம் பிந்திவிட்ட நாலு வயதுப் பிள்ளைகள் பதினெட்டுப் பேர். மூக்குச் சிந்தவும், ஜிப் போடவும், அம்மா போன கதவைப் பார்த்து அழாமல் இருக்கவும் பழக்குவது அவள் வேலை. எழுத்தும் எண்ணும் டீச்சர் ப்ரூக்கின் பாடு.

"இதுங்கல்லாம் இன்னும் ஆவியில இருக்கிற தமாலே. அவசரப்பட்டுப் பிரிச்சா உள்ள வெறும் மாவுதான்" என்பாள். தமாலே அவள் வீட்டில் மடலில் பொதிந்து அவிக்கும் சோளமாவுக் கொழுக்கட்டை.

அவளிடம் இருந்த ஒரே சொத்து குரல். மைதானத்தின் மறுகோடியில் ஆடுகிற பிள்ளைகூட அவள் பெயர் சொன்னால் ஓடிவரும். பள்ளிப் பேருந்து ஓட்டும் வெர்ன் சீண்டுவான்: "நீ கூப்பிட்டா செத்தவனே எந்திரிச்சு என்ன மிஸ்ஸுன்னு கேப்பான்."

"மொதல்ல நீ செத்துக் காட்டு, கூப்பிட்டுப் பாக்குறேன்" என்பாள் அவள்.

அந்தக் குரலைத்தான் தலைமையாசிரியர் ஹால்வர்சன் கடனாகக் கேட்டார். துப்பாக்கியோடு யாராவது பள்ளிக்குள் புகுந்தால் பிள்ளைகள் சத்தமின்றி ஒளிந்திருக்க வேண்டும் அல்லவா, அதற்கான ஒத்திகை. நாலு வயதுக்காரர்களிடம் துப்பாக்கிப் பேச்சு எடுக்க முடியாது. "எலி விளையாட்டு" என்று பெயர். விளக்கு அணைந்ததும் எலிகள் ஒளிந்துகொள்ளும். யார் கூப்பிட்டாலும் வாய் திறக்காது.

"வர்றவன் கெட்ட குரல்லயா கூப்பிடுவான்? நல்லவன் மாதிரிதான் கூப்பிடுவான். அதனால பிள்ளைங்களுக்கு ரொம்பப் பிடிச்ச குரல்ல பழக்கணும்மா. வெளிய நின்னு நீங்க கூப்பிடுங்க" என்றார்.

ஆகஸ்டில் முதல் ஒத்திகை. டெல்ஃபினா பூட்டிய கதவின் பிடியை ஆட்டி, ஒவ்வொரு பெயராக அழைத்தாள். பதினெட்டும் பதில் சொல்லின. ஒடிஸ் என்ற பையன் கதவையே திறந்துவிட்டான். "மிஸ் டெல்ஃபி, உள்ள வாங்க! எல்லாரும் இங்கதான் ஒளிஞ்சிருக்கோம்!"

அன்று சிரித்தார்கள். பிறகு வாரத்துக்கு ஒருமுறை பழக்கினார்கள். அக்டோபர் கடைசியில் அவள் பதினெட்டுப் பெயரையும் சொன்னாள். உள்ளே மூச்சுச் சத்தம்கூட இல்லை. "ஒடிஸ், ராசா, நான்தாண்டா" என்று இன்னும் குழைந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. ஹால்வர்சன் கட்டைவிரலை உயர்த்தினார். டெல்ஃபினாவுக்குக் கதவுப் பிடியிலிருந்து கையை எடுக்கத் தோன்றவில்லை. தன் வீட்டு வாசலிலேயே தான் பேயாக நிற்பதுபோல் இருந்தது அவளுக்கு. உள்ளே ஒடிஸுக்குத் தங்க நட்சத்திரம் ஒட்டினார்கள்.

நவம்பரில் ஒரு வியாழன். விடியற்காலையிலிருந்து கிழக்குக் காற்று. பத்து மணிக்கே வானம் செங்கல் நிறமாகி, ஊஞ்சல்மேல் சாம்பல் விழத் தொடங்கியது. மலைமுகட்டில் தீ. உடனே கிளம்பச் சொல்லி அறிவிப்பு வந்தது. அது முடியும் முன்பே மின்சாரம் போய் விளக்குகள் அணைந்தன. ப்ரூக் இருட்டில் தடவித் தடவி, வளையம் வைத்த நடைக்கயிற்றில் பிள்ளைகளின் கையைக் கோத்துப் பேருந்துக்கு இழுத்துப் போனாள். படியில் நின்று டெல்ஃபினா எண்ணினாள். பதினேழு. கயிற்றில் ஒரு வளையம் வெறுமையாக இருந்தது.

"ஒடிஸ் உங்களோட வரலியா?" ப்ரூக் அந்த வெறும் வளையத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"உன் கயித்துலன்னுல்ல நெனச்சேன்!"

வெர்ன் சாலையைப் பார்த்தான். "அஞ்சு நிமிஷம், டெல்ஃபி. அதுக்கு மேல ரோடு இருக்காது."

அவள் ஓடினாள். வகுப்புக்குள் புகை இடுப்பளவு இறங்கியிருந்தது. "ஒடிஸ்! ஒடிஸ், ராசா! வெளிய வாடா!" மேஜைகளுக்கு அடியில், அலமாரியில், கழிப்பறையில் தேடினாள். மூன்றாவது முறை கூப்பிடும்போதுதான் உறைத்தது. விளக்கு அணைந்திருக்கிறது. எலி ஒளிந்திருக்கிறது. கூப்பிடக் கூப்பிட, அவனை இன்னும் ஆழத்துக்குத் தள்ளுவது தானேதான்.

அதன்பின் அவள் வாயைத் திறக்கவில்லை. முழங்காலிட்டு, கைக்குப் பட்டதையெல்லாம் துழாவிக்கொண்டு போனாள். வெளியே வெர்ன் ஹாரனை விடாமல் அடித்தான். புகை நெஞ்சில் இறங்கி, அடக்க முடியாமல் இருமல் வெடித்தது. சுவரோரம் அடுக்கியிருந்த தூக்கப் பாய்களுக்குப் பின்னாலிருந்து ஒரு கிசுகிசுப்பு.

"ஷ்ஷ்... இருமாதீங்க மிஸ். அவனுக்குக் கேட்டுடும்."

"யாருக்குடா?"

"மிஸ் டெல்ஃபி மாதிரி கூப்பிடுறானே, அவனுக்கு."

பாய்களை இழுத்துத் தள்ளி, பையனை வாரிக்கொண்டு ஓடினாள். அவன் அழவில்லை. இரண்டு கையாலும் அவள் வாயைப் பொத்திக்கொண்டே வந்தான்.

இருபுறமும் எரிகிற சாலையில் பேருந்து ஊர்ந்தது. சாயங்காலம் கீழூர்ச் சந்தைத் திடலில், போர்வைகளும் கட்டில்களும் போட்ட கொட்டகையில் பெற்றோர் காத்திருந்தார்கள். ஒடிஸின் அம்மா கென்ட்ரா கூட்டத்துக்கு அந்தப் பக்கமிருந்து தொண்டை கிழியக் கத்தினாள்: "ஒடிஸ்! ஒடிஸ்!"

பையன் உதட்டை இறுக்கிக்கொண்டு டெல்ஃபினாவின் பாவாடைக்குப் பின்னால் ஒதுங்கினான்.

"உங்கம்மாடா. பதில் சொல்லுடா" என்றாள் அவள், தொண்டை கட்டிய குரலில்.

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "அது அம்மாதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

டெல்ஃபினா அவனைத் தூக்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கென்ட்ராவின் கையில் கொடுத்தாள். தாயின் முகத்தைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் அவன் வாய் திறந்து அழுதான்.

அடுத்த வருஷம் தகரக் கொட்டகையில் பள்ளி மறுபடி திறந்தது. டெல்ஃபினா சமையற்கட்டில் வேலை கேட்டு வாங்கிக்கொண்டாள். ஹால்வர்சன் கெஞ்சினார். "குரல் போயிடுச்சு சார்" என்றாள். அது பாதி நிஜம். அந்தப் புகை அவள் நெஞ்சைவிட்டு முழுசாகப் போகவேயில்லை. நாலு வருஷம் பால் டப்பாக்கள் எடுத்துக் கொடுத்தாள். வரிசையில் எந்தப் பிள்ளையாவது கனவு கண்டுகொண்டு நின்றால், மேஜையைச் சுற்றிவந்து தோளைத் தொடுவாள். சாகும்வரை ஒரு பிள்ளையையும் அவள் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.